க்ரைம் நாவல் படிக்கிறவன் ரமணிசந்திரன் படித்தால்

எங்க ஹாஸ்டலில் யாருடைய அலமாரியைத் திறந்தாலும், பாடப்புத்தகம் போக மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட ஒரே செட். சுஜாதா ரெண்டு மூணு. படம் வந்த சூட்டோடு வாங்கிய பொன்னியின் செல்வன், அதில் முதல் பாகம் மட்டும் படித்த மாதிரி மடங்கியிருக்கும். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய ராஜேஷ்குமார். ஆங்கிலத்தில் ஒரு டான் பிரவுன், கூடவே காலையில் நாலு மணிக்கு எழுந்திரு என்று மிரட்டுகிற சுயமுன்னேற்றப் புத்தகம் ஒண்ணு. காதல் நாவல் மட்டும் இருக்காது.

காதல் நமக்குப் பிடிக்காது என்று இல்லை. '96' படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் மூஞ்சியைத் தொங்கப் போட்டவர்கள் இந்த ஹாஸ்டலில்தான் இருக்கிறார்கள். ஹெட்செட்டில் ஓடுவது முக்கால்வாசி காதல் பாட்டுதான். ஆனால் அதே காதல் 200 பக்க நாவலாக வந்தால் உடனே "அது எங்கம்மா படிக்கிறதுடா" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இந்த செமஸ்டரில் பிராஜெக்ட் ரிவ்யூக்களுக்கு நடுவில் நான் வரிசையாக நாலு ரமணிசந்திரன் நாவல்களும், போனில் ஒரு தொடர்கதையும் படித்து முடித்தேன். இது அந்த நாவல்களின் விமர்சனம் இல்லை. த்ரில்லர் மட்டுமே படித்துப் பழகிய ஒரு ஆள் முதல் தடவை காதல் நாவலை எடுத்தால் அதில் எதைப் பார்க்கணும், நல்லதையும் சொதப்பலையும் எப்படிப் பிரிக்கணும் என்பதற்கு ஒரு யூசர் மேனுவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். ரமணிசந்திரன் 150-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். தமிழில் அதிகமாக விற்கும் எழுத்தாளர்கள் என்று பேச்சு வந்தால் அவர் பெயர் இல்லாமல் அந்தப் பேச்சு முடியாது. பத்திரிகைத் தொடராகவும் மாத நாவலாகவும் வந்தவை அப்புறம் சென்னை அருணோதயம் பதிப்பகத்தில் புத்தகமாகி, லெண்டிங் லைப்ரரிகளில் அட்டை கிழியக் கிழியச் சுற்றின. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ்ப் பாக்கெட் நாவல் உலகத்தைத் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டபோது, ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் இவங்களோடு ரமணிசந்திரனும் அதில் இருந்தார். அதாவது நாம் பெருமையாக வைத்திருக்கிற க்ரைம் நாவலும், ஒதுக்கி வைத்திருக்கிற குடும்ப நாவலும் ஒரே கடையில், ஒரே கயிற்றில், ஒரே கிளிப்பில் தொங்கியவை. மாலைமதியும் ராணிமுத்துவும் கண்மணியும் க்ரைம் நாவலுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தன.

சரி, த்ரில்லர் ஆளுக்கு வரும் முதல் சந்தேகத்துக்கு வருவோம். கடைசியில் ரெண்டு பேரும் சேரப் போறாங்க என்று முதல் பக்கத்திலேயே தெரியும். அப்புறம் படிக்க என்ன இருக்கு?

மூணாவது செமஸ்டர் கணக்குப் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. ரெண்டு முனையும் கட்டப்பட்ட ஒரு கம்பி, அதைச் சுண்டிவிட்டால் எப்படி அதிரும் என்று ஒரு பத்து மார்க் கேள்வி. ரெண்டு முனையும் அசையாது என்பது எல்லை நிபந்தனை, அது கேள்வியிலேயே கொடுத்திருக்கும். யாராவது "சார், முனையில என்ன நடக்கும்னு ஏற்கனவே தெரியுமே, அப்புறம் எதுக்கு சால்வ் பண்ணணும்?" என்று கேட்டோமா? நடுவில் கம்பி என்ன வடிவம் எடுக்கும் என்பதுதான் கேள்வியே. வீணையில் தந்தியை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டால் நாதம் வராது. காதல் நாவலும் அந்த வகைக் கணக்குதான். தொடக்கத்தில் ரெண்டு பேர் தனித்தனி, முடிவில் சேர்ந்தாச்சு, ரெண்டும் கட்டியாச்சு. க்ரைம் நாவலில் ஒரு முனை மட்டும் கட்டியிருக்கும், ஒரு பிணத்தில் ஆரம்பித்து அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பின்னாலேயே ஓடுவோம். அந்த ஓட்டத்தை இங்கே எதிர்பார்த்தால் நாற்பதாவது பக்கத்தில் தூங்கிவிடுவோம்.

இதில் அம்மா என்னைவிட ரெண்டு படி மேலே. ஊருக்குப் போயிருந்தபோது அவங்க புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். "இதெல்லாம் எப்படா நீ படிக்க ஆரம்பிச்ச?" என்று சிரித்துவிட்டு, "மொதல்ல கடைசிப் பக்கத்தைப் பாத்துக்க. நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன். சேந்துட்டாங்கன்னு தெரிஞ்சாத்தான் நடுவுல எவ்ளோ சண்டை வந்தாலும் நிம்மதியாப் படிக்க முடியும்" என்றார். நமக்கு ஸ்பாய்லர் என்றால் கொலைக்குற்றம். அவங்களுக்கு அது சீட் பெல்ட்.

இது எங்க வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஜேனிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984-ல் 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்று ஒரு ஆய்வு நூல் எழுதினார். நாவல்களை வைத்து மட்டும் பேசாமல், அதைப் படிக்கிறவர்களிடமே போய்க் கேட்டார். ஸ்மித்டன் என்று அவர் மாற்றுப்பெயர் வைத்த ஒரு ஊர், அங்கே ஒரு புத்தகக் கடைக்கு வாடிக்கையாக வரும் 42 பெண்கள். அவர்களிலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். அதைவிட முக்கியமானது, ஏன் படிக்கிறீங்க என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில். கதையைப் பற்றிச் சொல்லும் முன்னாடி, படிக்கும் அந்த நேரத்தைப் பற்றிச் சொன்னார்கள். சமையல், பிள்ளைகள், கணவன் என்று நாள் பூராவும் அடுத்தவருக்காகவே ஓடுகிற வீட்டில், கையில் புத்தகத்தைப் பிடித்தால் "இப்போ என்னைக் கூப்பிடாதே" என்று அர்த்தம்.

மதியம் ரெண்டரைக்குச் சாப்பாட்டுக் கடை முடிந்து, நாலு மணிக்குப் பால்காரர் வருவதற்குள் ஒரு ஒன்றரை மணி நேரம். ஃபேனுக்கு நேர் கீழே, தரையில், தலைக்குக் கையை வைத்துப் படுத்துக்கொண்டு அம்மா படிப்பது அந்த நேரத்தில்தான். ராட்வேயைப் படித்த பிறகு அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு வேற மாதிரி தெரிகிறது. ஆனால் ராட்வே ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை. படிக்கும் செயல் வீட்டு வேலைக்கு எதிரான ஒரு சின்ன மறுப்பு, படிக்கும் கதையோ திரும்ப அந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைக்கிறது என்று ரெண்டையும் சொன்னார். இந்த ரெண்டாவது பாதியை ஞாபகத்தில் வைங்க, கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நடுவில் எதைப் பார்ப்பது? பமேலா ரெஜிஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் 2003-ல் காதல் நாவலை எஞ்சின் மாதிரி கழற்றிக் காட்டினார். அவர் கணக்கில் எட்டு பாகங்கள்: கதை நடக்கும் சமூகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்வது, எல்லாம் முடிந்துபோச்சு என்று தோன்றும் ஒரு கட்டம், தடையை விலக்கும் ஒரு புரிதல், இணைவது. வரிசை முன்னே பின்னே மாறலாம், ஒரே பாகம் ரெண்டு தடவை வரலாம். ஜேன் ஆஸ்டினுக்கும் இது பொருந்தும், லண்டனில் 1908-ல் ஆரம்பித்த மில்ஸ் அண்ட் பூன் கம்பெனியின் குட்டி நாவல்களுக்கும் பொருந்தும்.

வாய்பாட்டுக் கதை என்று யாராவது மூக்கைச் சுளித்தால், தமிழில் இதைவிடக் கறாரான வாய்பாடு ரெண்டாயிரம் வருஷமாக இருக்கு என்று சொல்லுங்கள். பிளஸ் டூவில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த அகத்திணைதான். கூடுவது குறிஞ்சி, பிரிவது பாலை, காத்திருப்பது முல்லை, ஊடுவது மருதம், ஏங்கி வருந்துவது நெய்தல். நிலம், பொழுது, பூ, பறவை எல்லாம் முன்கூட்டியே முடிவானவை. தலைவன் தலைவி பெயரைக்கூடச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இவ்வளவு கட்டுக்குள் இருந்துதான் குறுந்தொகையில் மட்டும் நானூறு கவிதைகள். நான் இங்கிலீஷ் மீடியம். இதையெல்லாம் பள்ளியில் படித்தபோது அட்டவணையாகத்தான் தெரிந்தது. நாலு காதல் நாவலை அடுத்தடுத்துப் படித்த பிறகு, ஒரே சட்டகத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் எங்கே வித்தியாசம் காட்டுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கத்தோடு சங்கக் கவிதைக்குத் திரும்பினால் அது வேற லெவல்.

ரெஜிஸ் சொன்ன எட்டில் நாம் கண் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தடை. என் கணிப்பில் ஒரு காதல் நாவலின் தரம் மொத்தமும் அதில்தான் இருக்கு. ரெண்டு பேரைச் சேரவிடாமல் தடுப்பது என்ன? ஒரு போன் கால் போட்டுப் பேசியிருந்தால் முப்பதாவது பக்கத்திலேயே தீர்ந்திருக்கும் என்றால் அது டம்மி தடை. அவள் அண்ணனோடு நின்றதைப் பார்த்து வேற யாரோ என்று நினைத்து நூறு பக்கம் கோபப்படும் ஹீரோ இந்த ரகம். பாட்டி சொத்தை எழுதிவைத்த உயில், ஒரு வருஷ ஒப்பந்தக் கல்யாணம் இதெல்லாம் நடுத்தரம், செயற்கைதான், ஆனால் ரெண்டு பேரை ஒரே வீட்டில் உட்கார வைத்து வேடிக்கை பார்க்க உதவும். ஒருத்தருடைய சுயமரியாதையோ, பயமோ, கடனோ, வேலையோ குறுக்கே நின்று, அது விலகணும் என்றால் அந்த ஆள் உள்ளுக்குள் மாறியே ஆகணும் என்று இருந்தால் அது நல்ல தடை. நான் படித்த நாலில் ஒன்றில் கதாநாயகி கடைசி வரைக்கும் தன் சம்பளத்தை விட மறுப்பாள். அவனுடைய பணம், பங்களா எதுவும் அவளை அசைக்காது. அந்த நாவலை ஒரே ராத்திரியில் முடித்தேன், மறுநாள் லேபில் தூங்கி வழிந்தேன்.

தமிழுக்கே உரிய ஒரு திருப்பமும் இருக்கு. ஆங்கில நாவலில் கல்யாணம் என்பது முடிவுப் புள்ளி. நம்மூர் நாவலில் பல தடவை கல்யாணம் முதலிலேயே நடந்துவிடும், காதல்தான் பிறகு வரணும். தெரியாத ஒருத்தரோடு ஒரே வீட்டில் காபி டம்ளரை நீட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிற கதை. பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து நடக்கும் கல்யாணத்தில் காதல் எங்கிருந்து வரும் என்பது நம் வீடுகளில் சத்தமில்லாமல் இருக்கும் கேள்வி. இந்த நாவல்கள் அந்தக் கேள்விக்கு ஆயிரம் விதமாகப் பதில் எழுதிப் பார்க்கின்றன. அம்மாவும் சித்தியும் இதில் எதைத் தேடுகிறார்கள் என்பது நமக்கு ஓரளவு புரிவது இங்கேதான்.

இப்போ ராட்வேயின் ரெண்டாவது பாதி. போனில் வாரம் ரெண்டு அத்தியாயமாக வரும் தொடர்களில் 'ஆன்ட்டி ஹீரோ' என்று ஒரு வகை பயங்கரமாக ஓடுகிறது. அவன் மிரட்டுவான், கையைப் பிடித்து இழுப்பான், பழிவாங்க என்று கட்டாயத் தாலி கட்டுவான், ஒரு அறை விடுவான். முப்பது அத்தியாயம் கழித்து அவனுடைய சின்ன வயசுச் சோகம் ஒன்றைச் சொல்லி எல்லாவற்றையும் கழுவி விடுவார்கள். கமெண்டில் இதயங்கள் கொட்டும். நான் படித்த தொடர் இந்த ரகம்தான், பதினெட்டாவது அத்தியாயத்துக்கு மேல் எரிச்சலோடுதான் போனேன். இது கற்பனைதானே, படிக்கிறவங்களுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும்தான். ஆனால் இந்த அறையும் மிரட்டலும் 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெயர் உள்ள குற்றங்கள். ஒரு கதை அதையே தாலாட்டு மாதிரி பாடினால், அது தாலாட்டு இல்லை என்று சொல்ல வாசகருக்கு உரிமை இருக்கு. சோதிக்க ஒரு சுலப வழி: அந்தக் காட்சியில் ஹீரோவின் பணத்தையும் உயரத்தையும் எடுத்துவிட்டு, நம்ம கிளாஸ் பையன் ஒருத்தன் அதே வேலையைச் செய்வதாக வைத்துப் படித்துப் பாருங்கள். பல சீன்கள் அங்கேயே செத்துவிடும்.

சொல்லாமல் விடுவது இன்னும் பெரிய விஷயம். நான் படித்த ஐந்திலும் ஹீரோ ஹீரோயினுக்கு நடுவில் பணம் வந்தது, பகை வந்தது, மாமியார் வந்தார். சாதி ஒரு இடத்தில்கூட வரவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு பொதுவான 'நல்ல குடும்பம்'. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர், நம்மைப் போல இறுதியாண்டு பொறியியல் மாணவர். அவர் சாதி மறுத்து மணந்த கௌசல்யா நம்ம மாவட்டத்துப் பழனிக்காரர், அவரும் பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம் பக்கத்துக் காதலுக்கு முன்னால் நிற்கும் நிஜமான தடை என்ன என்பது இந்தக் கேம்பஸில் ஜோடியாக நடக்கும் ஒவ்வொருத்தருக்கும் தெரியும். சாதித் தடையை நேராகப் பார்த்த நாவல் வேண்டும் என்றால் பெருமாள்முருகனின் 'பூக்குழி' இருக்கு. ஆனால் அதை எடுக்கும்போது சீட் பெல்ட் எதிர்பார்க்காதீர்கள், அது இந்த வகை நாவலே இல்லை. சந்தோஷ முடிவு கட்டாயம் என்ற விதியையும் வைத்துக்கொண்டு, சாதியையும் தடையாக வைத்து, ரெண்டு பேரையும் உயிரோடு கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுவரும் வெகுஜனக் காதல் நாவல் ஒன்று எனக்கு வேண்டும். எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மில் என்னைப் போல இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஒரு தனி லாபம் உண்டு. தமிழ் எழுத்து தெரியும், வேகம் வராது. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் ஆகும், பத்தாவது பக்கத்தில் போனை எடுத்துவிடுவோம். காதல் நாவலில் பாதிக்கு மேல் பேச்சு. சின்னச் சின்ன வாக்கியம், வீட்டில் கேட்ட வார்த்தைகள், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று பாதி யூகிக்கலாம். முதல் நாவல் எனக்கு ஆறு நாள் எடுத்தது. நாலாவது, சொன்னேனே, ஒரு ராத்திரி. சும்மா கணக்குக்காகப் பார்த்தேன், பக்கத்துக்கு ஒரு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கூடத்தான். இலக்கியம் படிக்கணும் என்று நேராகப் பெரிய நாவலில் தலையை முட்டி, தமிழே வேண்டாம் என்று ஓடிய ரெண்டு மூணு பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதைத்தான் கையில் கொடுப்பேன்.

எங்கே கிடைக்கும்? வீட்டில் அம்மாவின் பீரோ மேல் தட்டு முதல் இடம். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டிங் செய்து வைத்த தடி வால்யூம் கிடைத்தால் விடாதீர்கள், ஓவியமும் சேர்ந்து வரும். திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்தில் தேடலாம், புத்தகத் திருவிழாவிலும் கண்ணில் படும். முதல் ஐம்பது பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவே போதும். அட்டைக்கு உறை போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். நான் போடவில்லை, கண்டக்டர் ஒரு தடவை அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ரெண்டு மூணு படித்து ருசி பிடித்தால் பின்னோக்கி லட்சுமி பக்கம் போகலாம். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே விகடனில் கதை எழுதி, அந்தப் பணத்தில் படிப்பைத் தொடர்ந்தவர், டாக்டர் ஆனவர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அவருடைய பெண்கள் வேலைக்குப் போவார்கள், கணக்குக் கேட்பார்கள்.

இன்னும் பின்னே போனால் நம்ம வத்தலக்குண்டுக்கே வந்துவிடுவோம். பி.ஆர். ராஜமய்யர் அந்த ஊர்க்காரர், 1872-ல் பிறந்தவர். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 பிப்ரவரியில் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு வயசு 21, சரியாக நம்ம பேட்ச் வயசு. தமிழின் முதல் சில நாவல்களில் ஒன்று. 26 வயசில் இறந்துவிட்டார். அந்தக் கதையிலும் கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு அவதூறு புகுந்து பிரித்துவிடும், பிரிந்தவர்கள் கடைசியில் சேர்வார்கள். பின்பாதி வேதாந்தம் பக்கம் திரும்பிவிடுவதால் அதைக் காதல் நாவல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையின் அடித்தளத்தில் இருப்பது அதே தடைதான், தொடராக வாராவாரமோ மாதாமாதமோ காத்திருந்து படிக்கும் அதே பழக்கம்தான். காப்புரிமை எப்பவோ முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பேச்சுமொழி 130 வருஷம் பழசு, அதனால் முதல் நாவலாக வேண்டாம். ஐந்தாவதோ ஆறாவதோ, செமஸ்டர் லீவில் எடுங்கள்.